மாற்றிய மூட்டும் மாறாத நோயும்

கட்டிலோடு கிடந்தவரைக்கூட சில நாட்களில் வாக்கர் பிடித்து நடக்க வைத்துவிடும் சிகிச்சை, இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன். 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு கட்டுரை இதை நூற்றாண்டின் அறுவை சிகிச்சை என்றே அழைத்தது. மிகையான பேச்சு இல்லை. வலியில்லாமல் மாடிப்படி ஏறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அதை இழந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் மிகச் சிலருக்கு மட்டும் கதை வேறு மாதிரி போகிறது. மூட்டு சரியாகத்தான் பொருத்தப்பட்டிருக்கும். கிருமித் தொற்று இருக்காது. கீழே விழுந்திருக்கவும் மாட்டார். ஆனாலும் வலி போகாது. கொஞ்ச காலத்தில் உலோகத் தண்டு தொடை எலும்புக்குள் கீழே இறங்கும். அல்லது கிண்ணம் இடுப்பெலும்பைத் தள்ளிக்கொண்டு உள்நோக்கி நகரும். அல்லது தண்டு முடிகிற இடத்துக்குக் கீழே எலும்பு முறியும். இன்னொரு ஆபரேஷன். மறுபடியும் அதே வலி. பல வருடம் கழித்து, உள்ளங்காலிலோ மூக்குக்குப் பக்கத்து எலும்பறையிலோ சுண்டைக்காய் அளவுக்கு ஒளிந்திருந்த ஒரு கட்டிதான் இத்தனைக்கும் காரணம் என்று தெரிய வரும்.

கட்டி ஓரிடத்தில், முறிவது இன்னோரிடத்தில்! இந்த நோய்க்கு மருத்துவத்தில் டியூமர் இன்ட்யூஸ்டு ஆஸ்டியோமலேசியா என்று பெயர். கட்டியால் வரும் எலும்பு மென்மை நோய். இதைப் புரிந்துகொள்ள மருத்துவத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. செயற்கை மூட்டின் கதையும் இந்த நோயின் கதையும் தனித்தனியே வளர்ந்து, நோயாளியின் இடுப்பில் வந்து மோதிக்கொண்டன.

தந்தத்தில் ஒரு மூட்டு

முதல் கதை பெர்லினில் தொடங்குகிறது. 1890-இல் தெமிஸ்டொக்லிஸ் க்ளுக் என்ற அறுவை மருத்துவர் யானைத் தந்தத்தில் செயற்கை மூட்டுகள் செய்து நோயாளிகளுக்குப் பொருத்தினார். அவருடைய நோயாளிகள் காசநோயால் மூட்டு அரித்துப் போனவர்கள். ஆரம்பத்தில் நன்றாக இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கெட்டுப் போயின. மூட்டு புதிது, ஆனால் அதைச் சுற்றியிருந்த காசநோய் பழையதுதானே! நோயை அப்படியே விட்டுவிட்டு மூட்டை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றின் முதல் பாடம் அது.

அடுத்த பெரிய பெயர் ஜான் சார்ன்லி. இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியிலுள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். 1950-களின் இறுதியில் டெஃப்லான் கிண்ணத்தில் இரும்புக் குண்டு சுழலும்படி ஒரு மூட்டை வடிவமைத்தார். சமையல் சட்டியில் ஒட்டாத அதே டெஃப்லான்தான். இரண்டு மூன்று வருடத்தில் அது தேய்ந்து, தேய்ந்த துகள்கள் சுற்றியுள்ள திசுவைப் புண்ணாக்கின. அந்தத் துகள்கள் என்ன செய்யும் என்று பார்க்க தன் தொடையிலேயே ஊசி மூலம் செலுத்திக்கொண்டார் மனிதர். தோல்வியிலிருந்து எழுந்து 1962 நவம்பரில் அடர்த்தியான பாலிஎத்திலீன் கிண்ணத்தைப் பொருத்தத் தொடங்கினார். இன்றைய மூட்டுகளின் அடிப்படை அதுதான்.

சார்ன்லி செய்த இன்னொரு முக்கியமான காரியம், மூட்டைப் பதிக்க பல் மருத்துவத்தில் புழங்கிய அக்ரிலிக் சிமென்ட்டைக் கொண்டுவந்தது. அந்த சிமென்ட் ஒரு பசை இல்லை. எலும்பின் சின்னச் சின்ன துவாரங்களுக்குள் புகுந்து இறுகி, இடைவெளியை நிரப்பி, பாரத்தைப் பரவலாக்கி எலும்பிடம் ஒப்படைக்கும், அவ்வளவுதான். பின்னாளில் சிமென்ட் இல்லாத மூட்டுகளும் வந்தன. சொரசொரப்பான உலோகப் பரப்புக்குள் எலும்பே வளர்ந்து நுழைந்து பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு. இரண்டிலும் உள்ளே ஓர் அனுமானம் இருக்கிறது: எலும்பு திடமாக இருக்கும், அல்லது திடமாக வளரும் என்ற அனுமானம். சுவர் மண்ணாக இருந்தால் ஆணி எவ்வளவு நல்ல ஆணியாக இருந்து என்ன பயன்?

கம்பி கட்டி கான்கிரீட் ஊற்றாத தூண்

இரண்டாவது கதைக்கு வர வேண்டும் என்றால் எலும்பு எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிய வேண்டும். ஒரு கான்கிரீட் தூணை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கம்பி, அதைச் சுற்றிக் கான்கிரீட். எலும்பில் கம்பியின் வேலையைச் செய்வது கொலாஜன் என்ற புரதம். கான்கிரீட்டின் வேலையைச் செய்வது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. முதிர்ந்த வயதில் வரும் ஆஸ்டியோபோரோசிஸில் தூணே மெலிந்து போகிறது. கம்பியும் குறைவு, கான்கிரீட்டும் குறைவு. ஆஸ்டியோமலேசியா அப்படியல்ல. கம்பி கட்டியாகிவிட்டது, கான்கிரீட் மட்டும் வந்து சேரவில்லை. அந்த எலும்பு பாரம் தாங்காமல் வளையும், மெல்ல விரிசல் விடும். இதுவே வளரும் குழந்தைக்கு வந்தால் அதன் பெயர் ரிக்கெட்ஸ்.

ரிக்கெட்ஸ் பழைய நோய். 1650-இல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கிளிசன் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். காரணம் பிடிபட்டது இருபதாம் நூற்றாண்டில்தான். 1919-இல் லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி, வெயில் படாமல் வளர்த்த நாய்க்குட்டிகளுக்கு உணவை மாற்றி ரிக்கெட்ஸ் வரவழைத்தார், மீன் எண்ணெய் கொடுத்துக் குணப்படுத்தினார். அதே 1919-இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, குழந்தைகளைப் புற ஊதாக் கதிர் விளக்கின் ஒளியில் வைத்துக் குணப்படுத்தினார். 1922-இல் எல்மர் மெக்கல்லம் அந்த மீன் எண்ணெய்ச் சத்துக்கு வைட்டமின் டி என்று பெயர் வைத்தார். புதிர் தீர்ந்தது என்று உலகம் நினைத்தது.

தீரவில்லை. சிலருக்கு எவ்வளவு வைட்டமின் டி கொடுத்தாலும் எலும்பு கெட்டிப்படவில்லை. 1937-இல் பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட்டும் அவரது சகாக்களும் வைட்டமின் டிக்கு மசியாத ரிக்கெட்ஸ் என்று அதை விவரித்தார்கள். இதற்கு முன்பே, எலும்பு மென்மையானவர்களின் எக்ஸ்ரேயில் குறுக்கே விழும் வெளிறிய கோடுகளை 1920-இல் சுவிஸ் மருத்துவர் எமில் லூசர் விவரித்திருந்தார். 1930-இல் அமெரிக்க எக்ஸ்ரே நிபுணர் லூயிஸ் மில்க்மேனும் எழுதினார். ஆறாமல் நிற்கும் நுண்முறிவுகள் அவை. தொடை எலும்பின் கழுத்துப் பகுதி அவற்றுக்கு மிகப் பிடித்த இடம். இடுப்பு இந்தக் கதைக்குள் வருவது இப்படித்தான்.

பார்த்தும் பார்க்காமல் போனது

1947-இல் கேம்பிரிட்ஜின் ராபர்ட் மெக்கன்ஸ் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். மெக்கன்ஸ் சாதாரண ஆள் இல்லை. எல்சி விடோசனுடன் சேர்ந்து உணவுப் பொருட்களின் வேதிப் பகுப்பு அட்டவணையை 1940-இல் வெளியிட்டவர். போர்க்கால ரேஷன் உணவு போதுமா என்று பார்க்க அதைத் தானே மாதக்கணக்கில் சாப்பிட்டு, மலையேறிப் பார்த்தவர்.

அவருடைய நோயாளிக்குப் பதினைந்து வயது வாக்கில் தொல்லை தொடங்கியது. வலி, பலவீனம், தடுமாறும் நடை, ரத்தத்தில் குறைந்த பாஸ்பேட். மிக அதிக அளவில் வைட்டமின் டி கொடுக்கப்பட்டது. முழுக் குணம் கிடைக்கவில்லை. தொடை எலும்பில் இருந்த ஒரு கட்டியை அகற்றிய பிறகுதான் தொல்லை முழுமையாக நீங்கியது.

இன்று படிக்கிற மாணவருக்குக்கூட விடை பளிச்சென்று தெரியும். ஆனால் மெக்கன்ஸ் தன் கட்டுரைக்கு வைத்த தலைப்பில் இருப்பது வைட்டமின் டிக்கு எதிராக உடலில் உண்டான எதிர்ப்பு என்ற விளக்கம். கட்டி குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. அந்தக் காலத்துச் சட்டகம் வைட்டமின் டி. எலும்பு மென்மை என்றாலே அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார்கள். கண் முன்னால் இருந்த சாட்சியம், பொருந்தும் கேள்வி இல்லாததால் சாட்சியமாகவே தெரியவில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து, 1959-இல் ஜூரிச் நகரில் அந்தக் கேள்வி எழுந்தது. குழந்தை மருத்துவர் ஆந்த்ரேயா பிராடரிடம் பதினொன்றரை வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். ஒரே வருடத்துக்குள் கடுமையான ரிக்கெட்ஸ். சிறுநீரகம் மற்ற எல்லா வேலையும் ஒழுங்காகச் செய்தது, பாஸ்பேட்டை மட்டும் தக்கவைக்கவில்லை. விலா எலும்பில் ஒரு கட்டி இருந்தது. அதை எடுத்தார்கள். ரிக்கெட்ஸ் ஆறியது. பிராடர் துணிந்து சொன்னார்: இந்தக் கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது, ரிக்கெட்ஸை உண்டாக்குவது அதுதான்.

என்ன பொருள்? அதைக் கண்டுபிடிக்க இன்னும் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகப் போகிறது.

பாஸ்பேட் திருடன்

அடுத்த கட்டங்கள் மெதுவாக வந்தன. 1987-இல் நோயல் வைட்னரும் டேனியல் சாண்டா குரூஸும், இதுவரை வெவ்வேறு பெயரில் அழைக்கப்பட்ட இந்தக் கட்டிகளை ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து, பாஸ்பேட்டை வெளியேற்றும் மீசென்கைமல் கட்டிகள் என்று பெயரிட்டார்கள். பெரும்பாலும் இவை புற்றுநோய் அல்ல. பரவுவதில்லை. வலிப்பதும் குறைவு. அதனால்தான் கண்ணில் படுவதும் இல்லை.

1994-இல் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ராஜீவ் குமாரின் குழு, ஒரு நோயாளியின் கட்டி அணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்தது. அந்த அணுக்கள் ஊறிய திரவத்தை ஒப்போசம் என்ற விலங்கின் சிறுநீரக அணுக்கள் மேல் ஊற்றினார்கள். அவை பாஸ்பேட்டை உறிஞ்சுவது குறைந்தது. பிராடர் சொன்ன மர்மப் பொருள் நிஜம் என்று ஆய்வுக்கூடத்தில் காட்டியாயிற்று. அதே ஆண்டு அதற்கு பாஸ்ஃபடோனின் என்று பெயரும் சூட்டப்பட்டது. ஆளைப் பிடிக்கும் முன்பே பெயர் வைத்தாயிற்று!

ஆள் பிடிபட்டது எதிர்பாராத இடத்திலிருந்து. 2000-இல் ஜப்பானில் நொபுயுகி இட்டோவின் குழு, எலியின் மூளையில் ஒரு புதிய புரதத்தைக் கண்டு எஃப்ஜிஎஃப்-23 என்று எண் கொடுத்தது. அதே ஆண்டு, பரம்பரையாக வரும் ஒரு வகை ரிக்கெட்ஸ் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், அதே புரதத்தின் மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டார்கள். 2001-இல் ஜப்பானின் ஷிமாடா குழு, எலும்பை மென்மையாக்கும் கட்டிகள் இதே புரதத்தைச் சுரக்கின்றன என்று காட்டியது. அதைச் சுரக்கும் அணுக்களை எலிகளுக்குள் வைத்தபோது எலிகளின் ரத்தத்தில் பாஸ்பேட் இறங்கியது, எலும்பு மென்மையானது. வட்டம் முழுமையானது.

எஃப்ஜிஎஃப்-23 விஷம் ஒன்றும் இல்லை. ஆரோக்கியமான உடலில் எலும்பே அதைச் சுரக்கிறது. எலும்பு வெறும் தூண் இல்லை, ஒரு சுரப்பியும்கூட! பாஸ்பேட் அதிகமானால் சிறுநீரில் தள்ளிவிடு என்று சிறுநீரகத்துக்கு எலும்பு அனுப்பும் தபால் அது. கட்டி அந்தத் தபாலை நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சிறுநீரகம் பாஸ்பேட்டைக் கொட்டுகிறது. போதாதென்று வைட்டமின் டி அதன் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதையும் இதே புரதம் தடுக்கிறது. அதனால் குடலிலிருந்து பாஸ்பேட் உள்ளே வருவதும் குறைகிறது. வரவும் இல்லை, இருப்பும் இல்லை. மெக்கன்ஸ் கொட்டிக் கொடுத்த வைட்டமின் டி ஏன் போதவில்லை என்பதற்கு விடை இதுதான்.

இடுப்பில் நடக்கும் விபத்து

இப்போது இரண்டு கதைகளையும் சேர்த்துப் பாருங்கள்.

நடுத்தர வயதுக்காரர் ஒருவருக்கு இடுப்பு வலி. நடை வாத்து மாதிரி ஆகிறது. எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் கழுத்தில் முறிவு. அல்லது எம்ஆர்ஐ ஸ்கேனில் எலும்புத் தலைக்குள் சிதைவு. ரத்த ஓட்டம் தடைபட்டு எலும்பு செத்துவிட்டது போலவே அது தோன்றும். அடர்த்தி ஸ்கேனில் எண் குறைவாக இருக்கும். அந்த ஸ்கேன் தாதுவின் அளவை மட்டும் சொல்லும். தூண் மெலிந்ததா, கான்கிரீட் ஊற்றவில்லையா என்று பிரித்துச் சொல்லாது. ஆகவே ஆஸ்டியோபோரோசிஸ் என்று எழுதப்படுகிறது. மூட்டும் மாற்றப்படுகிறது.

அந்த இடத்தில் மூட்டு மாற்றியது தவறான வேலை என்று சொல்ல முடியாது. உடைந்ததைச் சரிசெய்யத்தானே வேண்டும்? ஆனால் காரணம் அப்படியே இருக்கிறது. தண்டைச் சுற்றிப் புதிதாக உருவாகும் எலும்பு தாது ஏறாத எலும்பு. சொரசொரப்பான உலோகத்தைப் பிடிக்க அதற்குப் பலம் இல்லை. சிமென்ட் வைத்தால், சிமென்ட் ஒப்படைக்கும் பாரத்தைத் தாங்க அதனால் முடியாது. திருகாணிகள் வெண்ணெயில் குத்தியது போல நழுவும். உறுதியான உலோகம் முடிந்து மென்மையான எலும்பு தொடங்கும் எல்லையில் பாரம் குவிந்து அங்கே முறியும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மூட்டு வைத்த பிறகு வலிக்கு ஒரு தயார் விளக்கம் கிடைத்துவிடுகிறது. மூட்டு ஆடுகிறது, தொற்று இருக்கலாம், பொருத்தியது சரியில்லை... தேடல் முழுவதும் உலோகத்தைச் சுற்றியே நடக்கும். உலோகம் ஸ்கேன் படத்தையும் கலைத்துவிடும். விலா வலியும் முதுகு வலியும் மற்ற இடுப்பின் வலியும் தனித்தனிப் புகார்களாகத் தனித்தனி மருத்துவர்களிடம் போகும். சிலரிடம் மனதளவில்தான் பிரச்சினை என்றுகூடச் சொல்லப்பட்டிருக்கிறது.

பெய்ஜிங்கின் பீகிங் யூனியன் மருத்துவமனை தன்னிடம் வந்த 144 நோயாளிகளின் விவரத்தை 2017-இல் வெளியிட்டது. அவர்களில் 137 பேருக்கு முதலில் வேறு நோய் என்று சொல்லப்பட்டிருந்தது. டிஸ்க் விலகல், முதுகெலும்பு மூட்டுவாதம், ஆஸ்டியோபோரோசிஸ் என்று. சரியான பெயர் கிடைக்க சராசரியாக 2.9 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் உயரம் குறைந்தவர்கள், சக்கர நாற்காலிக்குப் போனவர்கள் உண்டு.

இத்தனைக்கும் முதல் தடயம் தருவது விலை குறைந்த ஒரு ரத்தப் பரிசோதனை. பெரியவர்களுக்கு ரத்தத்தில் பாஸ்பேட் ஏறத்தாழ 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும், ஒரு டெசிலிட்டருக்கு. இந்த நோயாளிகளுக்கு அது வெகுவாக இறங்கியிருக்கும். கால்சியம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எலும்பு என்றதும் கால்சியத்தைப் பார்ப்பது பழக்கம். பாஸ்பேட்டைப் பார்ப்பது பல இடங்களில் வழக்கமான பரிசோதனைப் பட்டியலிலேயே இல்லை. கால்சியம் சரி என்று பார்த்ததும் கோப்பு மூடப்பட்டுவிடுகிறது.

கட்டியைத் தேடி

பாஸ்பேட் குறைவு, எஃப்ஜிஎஃப்-23 அதிகம் என்று தெரிந்தாலும் வேலை முடிவதில்லை. தலை உச்சியிலிருந்து கால் விரல் வரை எங்கே வேண்டுமானாலும் கட்டி இருக்கலாம். இந்தக் கட்டிகளின் மேற்பரப்பில் சோமாடோஸ்டாடின் என்ற ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகள் நிறைய இருப்பது தெரிந்தபின் தேடல் எளிதானது. அந்த ஏற்பிகளில் போய் ஒட்டும் கதிரியக்க மருந்தைச் செலுத்தி உடல் முழுக்கப் படம் எடுத்தால், கட்டி விளக்கு மாதிரி எரியும். காலியம்-68 சேர்த்த மருந்தோடு எடுக்கும் பெட் ஸ்கேன் இந்த வேலையில் மிகத் திறமையானது. கைகால் நுனி வரை படம் எடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பாதத்தை விட்டுவிட்டு எடுத்த படத்தில் பாதத்துக் கட்டி எப்படித் தெரியும்?

கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல திசுவையும் சேர்த்து முழுமையாக எடுத்துவிட்டால் நடப்பது அற்புதம் என்றே சொல்ல வேண்டும். எஃப்ஜிஎஃப்-23 சில மணி நேரத்தில் இறங்கத் தொடங்குகிறது. சில நாட்களில் பாஸ்பேட் சரியாகிறது. எலும்புகளில் காத்திருந்த கம்பிக் கூட்டுக்குள் கான்கிரீட் வந்து சேர மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடமும் ஆகும். ஆனால் வந்து சேருகிறது. அவசரமில்லாத மூட்டு ஆபரேஷனாக இருந்தால் அதற்குப் பிறகு செய்யலாம். சுவர் கெட்டியான பின் அடித்த ஆணி நிற்கும்.

கட்டி கிடைக்காதவர்களுக்கும் எடுக்க முடியாத இடத்தில் இருப்பவர்களுக்கும் பல காலம் இருந்த ஒரே வழி, பாஸ்பேட்டையும் செயல்படும் வடிவிலான வைட்டமின் டியையும் தினமும் பல வேளை சாப்பிடுவது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். எஃப்ஜிஎஃப்-23-ஐயே பிடித்துக் கட்டிப்போடும் புரோசுமாப் என்ற மருந்து பின்னர் வந்தது. பரம்பரை ரிக்கெட்ஸுக்காக 2018-இலும், இந்தக் கட்டி நோய்க்காக 2020-இலும் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. விலைதான் எட்டாத உயரம்.

இது அரிய நோய். இடுப்பு வலிக்கும் எல்லோரும் பாதத்தில் கட்டியைத் தேட வேண்டியதில்லை. ஆனால் வயதுக்குப் பொருந்தாமல் எலும்பு முறிந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் முறிந்தால், தசை பலவீனமும் சேர்ந்திருந்தால், நன்றாகப் பொருத்திய மூட்டு காரணமில்லாமல் ஆடினால், இரண்டாவது மூட்டுக்கு அளவெடுக்கும் முன் பாஸ்பேட்டை ஒருமுறை பார்ப்பது நல்லது. 1947-இல் மெக்கன்ஸுக்குக் கேள்வி தெரியாது. இன்று கேள்வியும் தெரியும், விடையும் தெரியும். அதை உரிய நேரத்தில் கேட்பதுதான் பாக்கி.